மூன்றாவது மாத்திரையும் என் கறவை மாடும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும். இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். நான் "வந்துச்சு" என்று சொன்னால் அவள் பேனா "வந்தது" என்று எழுதிக்கொள்கிறது. வலிப்பது அவள் கை, அதனால் அவள் இஷ்டம். யார் யார் என்ன பேசினோம் என்பதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் வீடு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். ஆனாலும் எங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் போய் வரப்பில் நின்று, குத்தகைக்காரர் பயிருக்குத் தண்ணீர் சரியாகப் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகள் எங்களோடு இருக்கிறாள். அப்புறம் என் மாடு. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பால் சொசைட்டிக்குப் போகும், மிச்சம் டீக்கடைக்குப் போகும். அந்தக் காசு என் காசு. அதில் மாட்டுக்குத் தவிடு, புண்ணாக்கு, எனக்கு வெற்றிலை பாக்கு, கோயிலுக்குப் பூ. அதற்கு நான் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

மாட்டுக்கு ஒரு குணம் உண்டு. நான் பேசினால்தான் பால் விடும். அதன் வயிற்றில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, தெருவில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே கறக்க வேண்டும். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அதற்குத் தெரியும். நான் கொஞ்சம் நிறுத்தினால் திரும்பிப் பார்க்கும். ரொம்ப நேரம் நிறுத்தினால் பாலை அடக்கிக்கொள்ளும். மருமகள் ஒரு நாள் கறக்க உட்கார்ந்தாள். அவள் வகுப்பில் நன்றாகப் பேசுவாள், மாட்டிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கால் சொம்பு கூட வரவில்லை.

எனக்குப் பிரஷர் என்று தெரிந்தது கோடையில். வைக்கோல் போரிலிருந்து வைக்கோல் பிடுங்கும்போது தலை சுற்றி அப்படியே போரில் சாய்ந்துவிட்டேன். வைக்கோல் மெத்தென்று இருந்ததால் அடி இல்லை. சொல்லப்போனால் சுகமாகவே இருந்தது. ஆனால் மருமகள் பயந்துபோய் மயிலாடுதுறையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் தங்கமான மனிதர். கையில் பட்டையைக் கட்டி, "பேசாம இருங்கம்மா" என்றார். நான் தலை சுற்றியதைச் சொல்ல ஆரம்பித்தேன். தலை சுற்றியதைச் சொல்ல வேண்டுமென்றால் வைக்கோல் போரைச் சொல்ல வேண்டும். போரைச் சொன்னால், போட்டவன் சரியாகப் போடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அவன் மாமியார் ஊர் பூம்புகார் பக்கம் என்பதற்குள் பட்டை உஸ் என்று இறங்கிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப அதிகமா இருக்கே" என்று ஒரு மாத்திரை எழுதினார்.

அடுத்த மாதம் போனபோதும் சொல்ல நிறைய இருந்தது. இரண்டாவது மாத்திரை எழுதினார். அதற்கடுத்த முறை எனக்கே இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றி அவரிடம் நியாயம் கேட்டேன்.

"எமனையே எட்டி உதைச்ச சாமி முன்னால, திருக்கடையூர்ல எங்களுக்கு அறுபதாங் கல்யாணம் ஆயிருக்கு டாக்டர். அதுக்கு மேல மாத்திரை எதுக்கு?"

"அது ஐயாவுக்குத்தான அறுபது? உங்களுக்கு இல்லையேம்மா" என்றார்.

அதுவும் சரிதான். மாலை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேனே தவிர ஆயுள் கேட்டதெல்லாம் அவருக்கு. அன்றைக்குத்தான் மூன்றாவது மாத்திரை வந்தது.

முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த சனியன். ஒரு மாத மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் மாட்டுக்கு ஒரு மூட்டைத் தவிடு வாங்கலாம். மருந்துக்கடைக்காரர் அந்த அட்டையை எடுத்து வைத்து விலை சொன்னபோது நான் மூன்று மாத்திரைக்கும் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அரை அட்டை வெட்டிக் குடேன் தம்பி."

"வெட்டித் தரேன் பெரியம்மா. ஆனா மாசம் முழுசா இருக்குமே, அதை வெட்ட முடியாதே" என்றார் அவர்.

அதிலிருந்து மலிவாக எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். மயிலாடுதுறையில் விலை குறைந்த மருந்துக்கடை ஒன்று இருக்கிறது, அதே மருந்துதான், வேறு பேரில் இருக்கும் என்றார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் நான் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். எங்கள் வீட்டுக்காரருக்கு டிக்கெட் உண்டு, அதனால் அவர் வரவில்லை. அந்தக் கடையில் முதல் இரண்டு மாத்திரையும் பாதிக்கும் கீழே கிடைத்தன. மூன்றாவது மட்டும், "இன்னும் வரலைம்மா, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். மாத்திரை வரவில்லை. ஆனால் கண்டக்டருக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம் என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். வேளாங்கண்ணி பஸ்ஸில் டிக்கெட் வாங்க வேண்டும். அதனால் வாசலில் நின்று கிழக்கே பார்த்து, விலை இறங்கட்டும் மாதாவே, நேரில் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று கும்பிட்டேன்.

அதே அக்காதான் இன்னொரு வழியும் சொன்னாள். எங்கள் தெருவில் காப்பித்தூள் தீர்ந்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் தலை தட்டாமல் கூடக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் அவள் ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்கிட்ட நெறைய கெடக்கு. இன்னைக்குப் போட்டுக்க, ஒனக்கு வந்ததும் குடு."

நான் தண்ணீர் சொம்பைக்கூடத் தூக்கிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மருமகள் வாசல்படியிலிருந்தே ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, அது அவங்க சுகர் மாத்திரை."

"ஏதோ ஒண்ணு, மாத்திரைதானடி?" என்றாள் அக்கா. அவள் நல்ல மனசோடுதான் கொண்டுவந்தாள். மருமகள்தான் அன்றைக்கு முழுவதும் எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை.

பிறகு நானே ஒரு ஏற்பாடு செய்தேன். ஒரு நாள் எனக்கு மாத்திரை, ஒரு நாள் மாட்டுக்குப் புண்ணாக்கு. அதையும் மருமகள் கண்டுபிடித்து மகனிடம் சொல்லிவிட்டாள். அவன் போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"ஏம்மா, நான் பணம் அனுப்ப மாட்டனா?"

"ஒனக்கே அங்க ஆயிரம் இருக்கு. ரூம் வாடகை, சாப்பாடு, இங்க வீட்டுக் கடன். என் மாத்திரை வேற எதுக்கு?"

"அப்ப மாட்ட வித்துடும்மா. தவுட்டுச் செலவும் மிச்சம். குனிஞ்சு நிமுந்து வேலை செய்யறதும் மிச்சம். மாத்திரையத் தெனம் போடு. நான் அங்க நிம்மதியா இருப்பேன்."

நான் போனை மாட்டின் பக்கம் திருப்பி, "இந்தா, நீயே அதுங்கிட்ட சொல்லு" என்றேன். அது போனை நக்கிவிட்டது. அவன் சிரித்தான், ஆனால் சொன்னதிலிருந்து இறங்கவில்லை. மார்கழி பிறந்ததும் தரகரை வரச் சொல்லிவிட்டான்.

தரகர் வந்தார். மாட்டைச் சுற்றி வந்து பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். பிறகு அவரும் எங்கள் வீட்டுக்காரரும் வைக்கோல் போர் ஓரமாக நின்று, கை மேல் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். மாட்டு விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துப் பேசுவார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கென்றே ஏற்பட்ட வியாபாரம் அது. அவர் காலையில் "காப்பி" என்பார், மத்தியானம் "மோர்" என்பார், ராத்திரி "விளக்க அணை" என்பார். அவருக்கும் என்னைப் போலவே அப்பளமும் மாவடுவும்தான் சாப்பாடு. ஆனால் பிரஷர் பார்த்தால் இளவட்டம் மாதிரி இருக்கும். அந்த அநியாயத்தை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

"என்ன வெலை சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"அண்ணி, துண்டுக்குள்ள நடக்குறது ஆம்பளைங்க சங்கதி" என்றார் தரகர்.

"சாணி அள்ளுறது யாரு சங்கதி?"

தரகர், பால் எவ்வளவு என்று பார்க்கிறேன் என்று செம்பை வாங்கிக்கொண்டு மாட்டடியில் உட்கார்ந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மாடு என்னைப் பார்த்தது. நான் வாய்க்காலைப் பார்த்தேன். தரகர் மடியைத் தடவினார், தட்டினார், தண்ணீர் அடித்தார். செம்பில் அடி நனைந்ததோடு சரி.

"என்னாண்ணே, மடி இவ்ளோ பெருசா இருக்கு, பாலு எங்க போச்சு?"

எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் துண்டு. மறுபடியும் விரல். கடைசியில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாட்டுப் பொங்கல் முடியட்டும். வந்து பேசி முடிச்சு ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்று கிளம்பினார்.

ஆக, தை பிறப்பதற்குள் மூன்றாவது மாத்திரைக்கு ஒரு வழி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகை காலி.

மருந்துக்கடைக்காரரிடமே போய் நின்றேன். அவர் இடப்பக்கம் வலப்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க பெரியம்மா. நம்ம ஊரு கவர்மெண்டு ஆஸ்பத்திரியில பிரஷர் மாத்திரை சும்மாவே குடுக்குறாங்க. உங்களுது இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

சும்மா கொடுப்பது எப்படி வேலை செய்யும் என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் எங்கள் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். நடக்கிற தூரம்தான், அவருக்கும் டிக்கெட் இல்லை. அங்கே சின்னப் பெண்ணாக ஒரு நர்ஸ். பட்டையைக் கட்டி, "பேசாம இருங்க பாட்டி" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லாதவர்கள் யார்? என் அம்மா சொல்லியிருக்கிறாள். மாமியார் சொல்லியிருக்கிறார். கோயில் குருக்கள் தீபாராதனை நடுவில் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதில் இவர்கள் சொன்னது மட்டும் வைத்தியம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் அந்தப் பெண்ணிடம் எந்த ஊர், எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுதிக்கொண்டு டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டரும் பெண்தான், மூக்குக் கண்ணாடி போட்ட பெண்.

"மொத ரெண்டு மாத்திரையும் இங்க இருக்கு பாட்டி, மாசாமாசம் வந்து வாங்கிக்கலாம். மூணாவது இங்க வர்றதில்ல."

"எனக்கு அதுதாம்மா வேணும்."

"பிரஷரு இன்னும் ஏறித்தான் இருக்கு. நிறுத்தவும் முடியாது. வேற என்ன பண்ணலாம்னு பாக்குறேன், அடுத்த வாரம் வாங்க."

மருந்துக்கடைதான் அடுத்த வாரம் என்கிறது என்றால் டாக்டரும் அதையே சொன்னார். இரண்டு மாத்திரை சும்மா கிடைத்ததே என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு வளைகாப்பு. போகாமல் இருந்தால் தப்பு. போனால் சாப்பிடாமல் வந்தால் தப்பு. சாப்பிட்டால் தாம்பூலம். கும்பகோணத்து வெற்றிலை, தளிராக இருந்தது. ஒன்றுக்கு நாலாகப் போட்டுக் குதப்பிக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். கூட்டம் இருக்கும், துப்பிவிட்டு வரலாம் என்று நினைத்தால் அன்றைக்குக் கூட்டமே இல்லை. நுழைந்ததும் கூப்பிட்டுவிட்டார்கள். சுவர் முழுவதும் வெள்ளை. மூலையில் ஒரு பலகை. எங்கள் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "துப்பாத" என்றார்.

வாய் நிறையச் சாறு. திறந்தால் ரவிக்கையில் வழியும். விழுங்கினால் விக்கும். அப்படியே கன்னம் இரண்டும் உப்ப, உதட்டை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் பெண் பட்டையைக் கட்டினாள்.

"எப்படி இருக்கீங்க பாட்டி?"

"ம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"ம்ம்."

பட்டை இறுகி இறங்கியது. அவள் எண்ணைப் பார்த்தாள். மிஷினைத் தட்டினாள். இன்னொரு கையில் கட்டிப் பார்த்தாள். மிஷின்தான் கெட்டுவிட்டது என்று எங்கள் வீட்டுக்காரரை உட்காரவைத்து அவருக்கும் பார்த்தாள். அவருக்கு எப்போதும் போல. அவள் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மேடம், இவங்களுக்குத் திடீர்னு நார்மலா இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்து, "பாட்டி, புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்றார்.

நான் கையால் வாயைக் காட்டினேன். கன்னத்தைக் காட்டினேன். ஜன்னலைக் காட்டினேன். பல்வலி என்று நினைத்து டார்ச் எடுக்கப் போனார்.

"வாயில வெத்தல" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பின்பக்கம் குழாயடியில் போய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வளைகாப்பைச் சொல்லாமல் எப்படி இருப்பது? பெண்ணுக்கு முகம் தெளிவாக இருந்தது, ஆண் பிள்ளைதான் என்று நான் சொன்னேன், சாம்பாரில்தான் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் அதற்குள் மறுபடியும் பார்த்துவிட்டு, "மேடம், ஏறிடுச்சு" என்றாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "பாட்டி, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுப் பார்த்தார்கள். இறங்கியிருந்தது. "இப்ப சொல்லுங்க, சாம்பார்ல என்ன?" என்றார். சொன்னேன். பார்த்தார்கள். ஏறியிருந்தது. மதகைத் தூக்கினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதும் இறக்கினால் வடிவதும் போல என் ரத்தம் என் வாயோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் கண்ணில் தண்ணீர்.

"உங்களுக்குப் பிரஷர் இருக்கு பாட்டி, இல்லேன்னு சொல்லல. ஆனா மூணு மாத்திரைக்கு இருக்கான்னுதான் தெரியல. உக்காந்து எழுந்தா தலை கிறுகிறுன்னு வருதா?"

"ஆமாம்மா. மாடு கறந்துட்டு எழுந்திரிச்சா தூணு ஆடுது. மூணாவது மாத்திரை வந்ததுலேருந்துதான்."

"சரி. நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. இன்னும் ரெண்டு வாரம் வாங்க. வெத்தலை போடாம, வாயைத் திறக்காம உக்காருங்க. ரெண்டு தடவையும் இதே மாதிரி இருந்தா மூணாவதை எடுத்துடலாம்."

"எடுத்துடலாம்னா, வாங்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

ஊர் ஊராக மலிவு மாத்திரை தேடினேனே, வாயை மூடினால் அந்த மாத்திரைக்குக் காசே வேண்டாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் வெற்றிலை இல்லாமல் வெறும் வாயை மூடுவது எனக்குப் பழக்கம் இல்லாத வேலை. வீட்டில் பழகிக்கொள்ளலாம் என்று முதலில் மாட்டடியில் ஆரம்பித்தேன். அது திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாலை அடக்கிக்கொண்டது. டீக்கடைக்காரர் தேடி வந்துவிட்டார். அதனால் மாட்டிடம் மட்டும் பேசுவது, மற்றவர்களிடம் முடிந்தவரை குறைப்பது என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் சாப்பிடும்போது பேசாமல் பரிமாறினேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "ஒடம்பு சரியில்லையா?" என்றார். அக்கா வந்து, "என்னடி, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டுவிட்டு, நான் தலையை ஆட்டியதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரரைத் திட்டிவிட்டுப் போனாள். மருமகள் மகனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் வேலை நேரத்தில் கூப்பிட்டு, "அம்மா, ஏம்மா பேச மாட்டேங்குற, என்னம்மா ஆச்சு?" என்று தழுதழுத்தான். நான் பேச்சை நிறுத்தியது கடல் தாண்டித் தெரிந்தது. அவனுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். போன் சூடாகிற வரைக்கும் சொன்னேன்.

முதல் வாரம் நல்லபடியாகப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, கொட்டகையில் மாடு அசை போடுவதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கியே இருந்தது. இரண்டாவது வாரம்தான் கடைசி. பொங்கலுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. வழியெல்லாம் கரும்பு வந்து இறங்கிக் கிடந்தது. யார் வீட்டுக் கரும்பு, என்ன விலை என்று கேட்காமல் வந்ததற்கே எனக்கு ஏதாவது பரிசு கொடுக்கலாம்.

நர்ஸ் பெண் பட்டையைக் கட்டியதும் எனக்குத் தொண்டையில் வார்த்தை முட்டியது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "தாத்தா, நீங்க ஏதாவது பேசுங்க. பாட்டி கேட்டுக்கிட்டு இருக்கட்டும், அவங்களுக்குப் பேசத் தோணாது" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார். தோள் துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல ஒரு மாடு இருக்கும்மா" என்று ஆரம்பித்தார். "செவலை. கன்னுக்குட்டியா இருக்கும்போதே நான்தான் பாத்து ஓட்டிக்கிட்டு வந்தேன்."

நான் கண்ணைத் திறந்தேன். அந்தக் கன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான். இவர் வேறு கன்றைக் காட்டினார், அதற்குக் கால் வளைந்திருந்தது.

"நான் சொன்னாத்தான் கேக்கும். நான் போய் நின்னாப் போதும், பால் விட்டுடும். கொட்டகையெல்லாம் நான்தான் சுத்தம் பண்றது. சாணி அள்ளுறதும் நான்தான்."

என் கை தானாக இறுகியது. "கையத் தளர்த்துங்க பாட்டி" என்றாள் நர்ஸ். தளர்த்தினேன். பல்லைத் தளர்த்தவில்லை. அவர் என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காத அளவுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"என்னா தாத்தா, பேசவே மாட்டீங்கன்னு பாட்டி சொன்னாங்க?"

"எடம் கெடச்சாத்தானம்மா."

நர்ஸ் சிரித்தாள். பட்டை இறுக ஆரம்பித்தது. அப்போது அவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"தரகரு வந்தாரு. துண்டுக்குள்ள வெலை கேட்டாரு. நான் கேட்ட வெலைக்கு அவரு ரெண்டு மாடு வாங்கலாம். பாலு இல்லேன்னதும் அவரு கொறைச்சாரு, நான் இன்னும் ஏத்துனேன். அதான் அவரு பொங்கலுக்கு அப்பறம்னு ஓடிட்டாரு. இவகிட்ட சொல்லலாம்னா, சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும், மகனுக்கும் போயிடும். அதான் சொல்லல."

எனக்கு அப்படியே தோள் இறங்கியது. உடம்பு முழுவதும் யாரோ வாய்க்கால் தண்ணீரை விட்டது மாதிரி இருந்தது. பட்டை மெல்ல இறங்கியது. நர்ஸ் பெண் எண்ணை எழுதிக்கொண்டு, "போன வாரத்தை விட நல்லா இருக்கு பாட்டி. இப்பப் பேசலாம்" என்றாள்.

"சாணி அள்ளுறது நானு" என்றேன்.

டாக்டர் மூன்றாவது மாத்திரையை எடுத்துவிட்டார். மாதம் தவறாமல் வந்து காட்ட வேண்டும், மற்ற இரண்டையும் ஒரு நாள் விடாமல் போட வேண்டும், அப்பளத்தையும் மாவடுவையும் குறைக்க வேண்டும் என்றார். மாவடு என்றபோது எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அன்று மாலையே மகனுக்குச் சொன்னோம். மூன்றாவது மாத்திரை இல்லை என்றால் மாட்டை விற்கக் காரணமும் இல்லை என்று மருமகள்தான் அவனுக்கு எடுத்துச் சொன்னாள். அவன், "மாட்டக் காட்டும்மா" என்றான். காட்டினேன். மறுபடியும் போனை நக்கியது.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் நீலம் பூசி, கழுத்தில் நெட்டி மாலை போட்டோம். அது முடிந்து தரகர் வந்தார். எங்கள் வீட்டுக்காரர் துண்டை விரிக்கவில்லை. "குடுக்கல" என்றார், அவ்வளவுதான். தரகரை உட்காரவைத்து நான் பால் காய்ச்சிக் காப்பி கொடுத்தேன். அவர் எதிரிலேயே பேசிக்கொண்டே கறந்த பால். செம்பு நிரம்பி நுரை வழிந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, அன்னைக்கு இந்தப் பாலு எங்க இருந்துச்சு?"

"அன்னைக்கு எனக்கு வாய்ல பேச்சு இல்ல தம்பி."

இப்போது மாதா மாதம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மாத்திரை சும்மாதான், நன்றாகவே வேலை செய்கிறது. வேளாங்கண்ணிக்கு டிக்கெட் வாங்கியே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். மாத்திரை விலை இறங்கவில்லைதான், ஆனால் மாதா வேறு வழியில் செய்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தொந்தரவு, எங்கள் வீட்டுக்காரர். மாதம் முழுவதும் "காப்பி, மோர்" என்று இருக்கிற மனிதர், தேதி நெருங்கினால் சட்டையை எடுத்து வெளியே மாட்டிவிடுகிறார். "பிரஷர் பாக்க எப்பப் போறோம்?" என்று கேட்கிறார். நான் பட்டையோடு வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, அவர் நர்ஸ் பெண்ணிடம் மாதம் முழுவதும் சேர்த்து வைத்ததை எல்லாம் சொல்கிறார். போன மாதம், எங்கள் வீட்டில் மாவடு போடுவதே அவர்தான் என்று சொன்னார்.

வரும் வழியில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வருவேன். அவர் முன்னால் நடந்து போவார், காதில் விழுகிறதா இல்லையா என்று தெரியாது. மிச்சத்தை மாட்டடியில் உட்கார்ந்து சொல்வேன். மாடு காதைப் பின்னால் சாய்த்துக் கேட்கும். பால் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.